ஆட்சேபணை போதும், வந்து உட்காருய்யா

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பில்லை பாஸ் செய்ய மனசில்லை என்றால் "முடியாது" என்று யாரும் எழுதமாட்டார்கள். ஒரு ஆட்சேபணைச் சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். வவுச்சர் இணைக்கவில்லை. அதை இணைத்துக் கொண்டுவந்தால் கணக்குத் தலைப்பு தவறு. அதையும் மாற்றிக் கொண்டுவந்தால் மார்ச் 31 தாண்டியிருக்கும். என் நண்பர் ஒருவர் இந்தக் கலையில் மன்னர். என்னோடு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தியானம் கற்றுக்கொள்ளும்படி நான் வைக்கிற பில்லை, எழுபத்தொரு வயதில், மூன்று வருஷமாக அதே முறையில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உறையூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன், "எழுதிக்கோ, எவன் படிக்கப்போறான்" என்றார்.

நான் சொல்லும் தியானம் விபஸ்ஸனா. புத்தர் கற்றுக்கொடுத்த முறை. முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடம்பில் தோன்றி மறையும் உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை கவனிப்பது. அரிப்போ வலியோ சுகமோ எது வந்தாலும் அதன்மேல் ஆசையோ எரிச்சலோ படாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம், செய்ய ஒரு ஆயுள்.

அவருடைய முதல் ஆட்சேபணை மதம். "நமக்கு எதுக்குய்யா பௌத்தம்? நம்ம சாமி இல்லையா?"

உறையூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறார் என்பதுதான் வேடிக்கை. பாலி மொழியில் பெரிய நூல்கள் எழுதிய புத்ததத்தர் என்ற தேரர் சோழநாட்டுக்காரர். அவர் பிறந்த உரகபுரம் என்பது நம் உறையூர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காவிரிக் கரையில் பூதமங்கலத்து விகாரையில் தங்கி அவர் எழுதிய விநய நூலை இலங்கையிலும் பர்மாவிலும் இன்றும் துறவிகள் படிக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் கட்டியபோது அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்தவன் யார்? தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன். சிவபாதசேகரன் என்று பட்டம் போட்டுக்கொண்டவனுக்கே அதில் கூச்சம் இல்லை, இவருக்கு இருக்கிறது. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று முழுக்க முழுக்க பௌத்தக் காப்பியம். மயிலை சீனி. வேங்கடசாமி 1940லேயே 'பௌத்தமும் தமிழும்' என்று புத்தகம் போட்டு இதையெல்லாம் ஊர் ஊராகக் கணக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்பே, 1898ல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார்.

சேலம் மாவட்டத்துப் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று ஒன்று. காலங்காலமாக ஜனங்கள் பூசை செய்த சாமி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தொல்லியல் துறை ஆய்வு செய்து, அது முனியப்பன் இல்லை, புத்தர் சிலை என்று 2022ல் தீர்ப்பு வந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மில் யார் யார் வீட்டுக் குலதெய்வம் உண்மையில் யாரென்று யாருக்குத் தெரியும்! "நம்ம சாமி" என்று அவ்வளவு அழுத்திச் சொல்லாதே ஐயா.

இருக்கட்டும். நான் மதம் மாறச் சொல்லவில்லை. நானும் மாறவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்பவன்தான் நான். இந்த முறையை 1969ல் இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த கோயங்காவுக்கும் இதே பயம் இருந்தது. மாண்டலேயில் பிறந்த மார்வாடி, ஆசாரமான இந்துக் குடும்பம், பெரிய வியாபாரி. ஒற்றைத் தலைவலி வந்தால் மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். வெளிநாட்டு மருத்துவர்களையெல்லாம் பார்த்தும் தீரவில்லை. தியானம் கற்கப் போகலாமா என்று யோசித்தவருக்கு, நம்மை பௌத்தராக்கிவிடுவார்களோ என்ற தயக்கம். போய்க் கேட்டால், அந்த ஆசிரியர் இவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்! தலைவலிக்கு மருந்து என்று வந்தால் இங்கே இடமில்லை, மனசைச் சுத்தம் செய்ய வருவதானால் வா என்றார். ஆள் பிடிக்கும் கூட்டம் இப்படியா பேசும்?

அந்த ஆசிரியர் யார் என்பதைத்தான் நண்பருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஊ பா கின். சாமியார் இல்லை, காவி கட்டியவர் இல்லை. நம் ஜாதி ஐயா, கணக்கு ஜாதி. பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 அன்று அந்த நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றவர். மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியவர். அவருக்கு தியானம் கற்றுக்கொடுத்தவர் ஒரு விவசாயி. ஏஜி ஆபீசுக்குள்ளேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952ல் ரங்கூனில் மையம் தொடங்கினார். ஒரே சமயத்தில் பல துறைகளின் பொறுப்பை அரசாங்கம் அவர் தலையில் கட்டியது. அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் மாலையில் ஆட்களை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். சம்பள பில்லும் சஸ்பென்ஸ் அக்கவுண்டும் பார்த்த மூளைக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால், இந்த மனிதரின் போட்டோவைக் காட்டுங்கள்.

இரண்டாவது ஆட்சேபணை கொஞ்சம் தந்திரமானது. "நம்ம திருமூலர் சொல்லாததையா புத்தர் சொல்லிட்டார்?"

திருமந்திரம் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உரையோடு இருக்கிறது. அட்டை கலையவில்லை. மூவாயிரம் பாட்டில் மூச்சைப் பற்றி எத்தனையோ இருக்கிறது, மறுக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளாவது அதன்படி உட்கார்ந்தாயா? உட்கார்ந்திருந்தால் நான் ஏன் உன் வாசலுக்கு வரப்போகிறேன், திருமூலர் வழியிலேயே போ என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு. "எல்லாம் நம்மகிட்டயே இருக்கு" என்ற பெருமை. பாத்திரத்தில் சோறு இருக்கிறது என்ற பெருமையில் பசி ஆறுமா?

இரண்டுக்கும் வித்தியாசமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம்: இத்தனை மாத்திரை உள்ளே, இத்தனை நிறுத்தம், இத்தனை வெளியே. ஆனாபானத்தில் மூச்சின் மேல் கை வைக்கக்கூடாது. அது நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை. மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே அது தொடுகிற இடத்தில் கவனத்தை வைத்துக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும். எதையும் திருத்தாமல் சும்மா பார்ப்பது என்பது, ஆயுள் முழுக்க சிவப்பு மையில் திருத்தியவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தால்தான் தெரியும். பத்து மூச்சு தொடர்ந்து பார்க்க முடியாது. மூன்றாவது மூச்சில் பென்ஷன் அரியர், ஐந்தாவதில் 1987ல் எவனோ எழுதிய மொட்டைக் கடுதாசி.

"அதான் சொல்றேன், என் மனசு நிக்காது" என்பார் உடனே. நிற்கிற மனசுக்குத் தியானம் எதற்கு? திகார் சிறையில் 1994 ஏப்ரலில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் ஒன்றாகப் பத்து நாள் உட்கார்ந்தார்கள். கிரண் பேடி அப்போது சிறைத்துறை ஐ.ஜி. கொலைக் கேஸில் உள்ளே இருப்பவன் மனசை விடவா உன் மனசு ஓடுகிறது? உன் மனசு அதிகம் போனால் தில்லைநகர் பதினோராவது கிராஸ் வரை ஓடும்.

முழங்கால் பற்றிய ஆட்சேபணையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நாற்காலி தருகிறார்கள். நான் அறுபத்து நாலு வயதில் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்து மையத்துக்குப் போனபோது, பின்வரிசையில் எங்களைப் போன்ற கிழவர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம். யாரும் கேலி செய்யவில்லை. முடிந்தால் தரையில், முடியாவிட்டால் நாற்காலியில். முதுகு நேராக இருந்தால் போதும்.

அடுத்தது பணம். இதில் அவர் சந்தேகப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். தியானம் என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது. செல்போனில் மாதச் சந்தா கட்டினால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தூங்கவைக்கிறாள். ஸ்டார் ஹோட்டலில் இரண்டு நாள் 'மைண்ட்ஃபுல்னஸ்' வகுப்பு, கூடவே மசாஜ். சர்க்கரை இறங்கும், கேன்சர் ஓடும் என்று வீடியோ போடுகிறவர்கள் வேறு. அவர்களை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நிறுத்தவே கூடாது. ஆனால் கள்ளநோட்டு இருக்கிறது என்பதற்காக பென்ஷனை வேண்டாம் என்கிறோமா? நான் சொல்லும் இடத்தில் தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ள எதற்கும் கட்டணம் இல்லை. ஒரு பத்து நாள் வகுப்பை முழுதாக முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள், அதுவும் அவர் மனசுபோல. முடிக்காதவன் கொடுத்தால் வாங்குவதில்லை. தணிக்கையாளர் கண்ணோடு நான் தேடிப் பார்த்தேன், ஓட்டை கிடைக்கவில்லை.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது, படிக்க எழுதவும் கிடையாது. மதியச் சாப்பாடு பதினோரு மணிக்கு. சாயங்காலம் டீயும் கொஞ்சம் பழம் பொரியும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் எனக்கு, மல்லிகை பூத்திருக்கும் அந்த இடத்தின் காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி உயரம் என்று கண்ணால் அளக்கத் தோன்றியது. ஆறாம் நாளும் தோன்றும் என்று அனுபவப்பட்டவர்கள் பின்னால் சொன்னார்கள்.

கிடைத்தது என்ன? ஜோதி தெரியவில்லை, குண்டலினி ஏறவில்லை. சின்ன விஷயம் ஒன்று கிடைத்தது. கோபம் வாயில் வருவதற்கு முன் காது மடலிலும் நெஞ்சுக்குழியிலும் சூடாக வருகிறது என்று தெரிந்தது. அறுபத்து நாலு வருஷம் அந்தச் சூடு வந்துபோன இடம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. பத்துத் தடவையில் நாலு தடவை, சூடு வரும்போதே பார்த்துவிடுகிறேன். பார்த்தால் அது ஒரு நிமிஷத்தில் தணிகிறது. மற்ற ஆறு தடவை கத்தத்தான் செய்கிறேன், என் மனைவியைக் கேட்டால் ஏழு என்பாள். ஆனால் அந்த நாலு தடவையில் என் வீட்டில் யாருக்கும் கண்ணீர் வரவில்லை.

இனி நேராகவே உன்னிடம் பேசுகிறேன்.

மதம், முழங்கால், பணம், திருமூலர் எல்லாம் நீ வைக்கும் சீட்டுகள். உண்மையான ஆட்சேபணை என்னவென்று போன ஐப்பசியில் ஒரு நாள் நீயே சொன்னாய். "கண்ணை மூடினா அவ வர்றாய்யா" என்றாய். அதற்கப்புறம் நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை.

தங்கச்சி போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து உன் வீட்டு டிவி காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பதினோரு மணி வரை ஓடுகிறது. நியூஸ் சேனலில் நாலு பேர் கத்துவதை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறாய். நாட்டு நடப்பு மேல் உனக்கு என்றைக்கு இவ்வளவு அக்கறை இருந்தது? சத்தம் நின்றால் என்ன கேட்குமோ என்ற பயம், எனக்குத் தெரியாதா?

புத்தர் ஒரு உவமை சொல்லியிருக்கிறார். அம்பு பட்டவனுக்கு வலிக்கும். அதே மனிதன்மேல் இரண்டாவது அம்பும் பாய்ந்தால்? முதல் அம்பு உடம்புக்கோ வாழ்க்கைக்கோ வருவது. நோய், மூப்பு, சாவு, பிரிவு. அதை யாராலும் தடுக்க முடியாது, தியானத்தாலும் முடியாது. இரண்டாவது அம்பு அந்த வலியோடு நாம் போடும் சண்டை. அதை எய்கிறவர்கள் நாமேதான்.

உன் இரண்டாவது அம்பு உன்னோடு நிற்கவில்லை என்பதுதான் என் வருத்தம். சாம்பாரில் உப்பு கூடினால் மருமகளைப் பார்த்து "அவ இருந்தா இப்படியா" என்கிறாய். அந்தப் பெண் என்ன செய்வாள்? உப்பு கூடியதற்குப் பதில் சொல்லலாம், செத்துப்போனவர் இல்லாததற்கு எப்படிப் பதில் சொல்வாள்? பேத்தி முன்பெல்லாம் உன் கட்டிலில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது உன் அறை வாசலோடு நின்று, தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடுகிறாள். உன் மகன் வயலூர் ரோட்டில் ஃபிளாட் பார்க்கிறான். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தெரிந்தும் நீ கேட்கவில்லை. ரெண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஆட்சேபணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கண்ணை மூடினால் தங்கச்சி வருவாள். வரட்டும். வருவாள் என்று ஒத்துக்கொண்டுதான் உன்னைக் கூப்பிடுகிறேன். முதல் நாள் வருவாள், மூன்றாம் நாளும் வருவாள், ஆஸ்பத்திரி வராந்தாவும் வரும். அப்போது நெஞ்சில் என்ன நடக்கிறது, தொண்டையில் என்ன அடைக்கிறது, அது எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்போது கொஞ்சம் இளகுகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அவளை மறக்கச் சொல்லி யாரும் சொல்லமாட்டார்கள். அழுதால் அழலாம், பேசக்கூடாது என்பதால் பக்கத்தில் இருப்பவன் வந்து ஆறுதல் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டான். நீ அவளுக்காக இன்னும் ஒழுங்காக அழவில்லை என்பது என் அபிப்பிராயம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு டிவியைப் போட்டுவிட்டாய்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றுகிறது என்றால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும், நான் கூட வருகிறேன். அந்த நிலையில் பத்து நாள் தனியாக மௌனமாக உட்காரக் கூடாது. விண்ணப்பத்திலேயே இதைப் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுது. உன் நிலைமை அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். சாம்பார் ருசி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறவனுக்கு இன்னும் பசி இருக்கிறது.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பாய். லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கப் போகும்போது வரிசையில் எத்தனை முகம் குறைகிறது என்று நீயும்தான் பார்க்கிறாய். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. தாத்தா ரூமுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்துகொண்டிருப்பது இந்த வருஷம்தான்.

பத்து நாள் உடனே வேண்டாம் என்றால் நாளையிலிருந்து காலை ஐந்தரைக்கு என் வீட்டு மொட்டைமாடிக்கு வா. இருபது நிமிஷம் மூச்சைப் பார்ப்போம், பேசவேண்டாம். முடிந்ததும் கீழே வந்தால் காபி, ஃபில்டர் காபிதான், டிகாஷன் புதுசாகப் போடச் சொல்கிறேன். ஒரு மாதம் இப்படி உட்கார்ந்த பிறகு திருமுடிவாக்கத்துக்கு விண்ணப்பம் போடுவோம். நானும் இன்னொரு தடவை வருகிறேன், ஆனால் உள்ளே போனபின் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன், விதி அப்படி. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கினால் பக்கம்தான். ரெண்டு பேருக்கும் லோயர் பெர்த் போட்டுவிடுகிறேன்.

மாடியில் பனி இருக்கும், தலைக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு வா. நாற்காலி ரெண்டு போட்டிருக்கிறேன். கைப்பிடி இருப்பது உனக்கு.